கைவிடமாட்டார் என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார்: கும்பிட்டவன் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது, கும்பிடாதவன் வீட்டுக்குள்ளும் வந்தது, அப்புறம் கும்பிட்டு என்ன கண்டோம் என்று. இரண்டு நாள் கழித்து இன்னொரு வாசகர் அதற்குப் பதில் எழுதினார். தம்மை நம்பினவர்களைக் கர்த்தர் கைவிடுவதில்லை, பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் விசுவாசம் எப்படி இருந்தது என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். முதல் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாவதைப் படித்தபோதுதான் வந்தது, இத்தனைக்கும் அவர் என் கட்சிக்காரர், என்னைப் போலக் கிறிஸ்தவர். நானும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன், காணிக்கைக் கவர் வைக்கிறவன், சபையாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு அரிசி மூடை கொடுக்கிற குடும்பம். எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை எதற்குப் பத்திரிகைக்கு எழுதுகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அவர் பத்திரிகையில் எழுதிவிட்டாரே, அதனால்தான்.

ஏரலில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. அப்பா ஆரம்பித்தது. ஏரல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தாமிரபரணிக் கரையில் சின்ன ஊர்தான், ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் பாத்திரம், துணி, நகை, சாமான் வாங்க வருகிற வியாபார ஊர். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள்தான் இருந்தது. பண்டிகை வியாபாரத்துக்காகக் கிட்டங்கி (சரக்கு அறை) நிறையச் சரக்கு இறக்கியிருந்தேன், மைதா, சீனி, டால்டா, முந்திரி, உடன்குடிப் பக்கமிருந்து வந்த கருப்பட்டி. பாதி கடன் சரக்கு. காலை ஆராதனைக்கு வந்ததே பத்துப் பதினைந்து பேர், அவ்வளவு மழை. அன்று ராத்திரி வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போக வேண்டிய பையன்கள் மத்தளத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. இதெல்லாம் பிறகு பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று ராத்திரி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் போனது, போன் டவர் போனது, பத்து மணிக்கு மேல் தெருவில் ஓடிய தண்ணீரின் சத்தம் மாறியது, அவ்வளவுதான். மழைத்தண்ணீர் ஓடுகிற சத்தம் வேறு, ஆற்றுத்தண்ணீர் வருகிற சத்தம் வேறு. ஆற்றுத்தண்ணீர் சத்தமில்லாமல் தடித்து வரும்.

அம்மாவுக்கு அப்போது 84 வயது. கட்டிலோடு தூக்க முடியாது, நானும் என் மகனும் ஆளுக்கொரு கை கொடுத்து மொட்டை மாடிப் படி ஏற்றினோம். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சின்ன மறைப்பு, அதற்குள் நாங்கள் ஐந்து பேரும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும். பெரியம்மா என்றால் உறவு கிடையாது, பழக்கம்தான். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, மண்சுவர் வீடு, நாலு ஆடு, ஒரு கிடாய். ஆடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போகப் பார்த்தவர்களை என் மனைவிதான் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். ஆடுகள் கத்தியது கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

விடிந்தபோது தெரு இல்லை. என் கடை இருந்த வரிசையில் போர்டுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. ஏரல் பாலத்தையொட்டிய சாலை அறுத்துக்கொண்டு போனது பிறகுதான் தெரியும்.

அம்மா தினமும் காலையில் எழுந்ததும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. பைபிளில் புலம்பல் என்கிற புத்தகம், மூன்றாம் அதிகாரம்: "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." அன்று காலையும் நனைந்த சேலையோடு தொட்டியில் சாய்ந்துகொண்டு அதையே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே என் பிழைப்பு மொத்தமும் மிதக்கிறது, பக்கத்தில் ஒரு கிழவி வாயடைத்து உட்கார்ந்திருக்கிறாள், இதில் என்ன காலைதோறும் புதியது? "இன்னைக்குமாம்மா இது?" என்று கத்திவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "வையணும்னா அவரையே நல்லா வைஞ்சிருல. அவருகிட்டக் கோவப்படாம பின்ன யாருகிட்டப் போய்க் கோவப்படுவ?" என்றார்கள்.

நாற்பது வருஷமாகப் பிரசங்கம் கேட்கிறேன், இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. நம்பிக்கை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

அடுத்த சில நாட்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரிடமும் இதே கதைதான் இருக்கும். ஹெலிகாப்டரிலிருந்து பொட்டலம் போட்டார்கள், சில பொட்டலம் மாடியில் விழுந்தது, சிலது தண்ணீரில் விழுந்தது. கடற்கரையிலிருந்து மீனவர்கள் படகோடு வந்து ஆட்களை ஏற்றினார்கள். தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது உள்ளே முழங்கால் அளவு சேறு. சீனி மூடை வெறும் சாக்காகக் கிடந்தது. கருப்பட்டி அத்தனையும் கரைந்து சுவரெல்லாம் பழுப்புக் கறை, ஏழடி உயரத்தில் கோடு போட்ட மாதிரி. கிட்டங்கிக்குள் கருப்பட்டி வாசமும் அழுகல் வாசமும் சேர்ந்து அடித்த அந்த வீச்சம், இப்போது கருப்பட்டிக் காப்பி குடித்தால்கூட எனக்கு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தது, தீப்பிடித்தால் மட்டும் தருகிற இன்சூரன்ஸ். அரசு கொடுத்த 6,000 ரூபாய் வீட்டுக்குப் பாய், பாத்திரம், அடுப்பு வாங்கச் சரியாகப் போனது.

சிக்னல் திரும்பி வந்ததும் போன் நிறைய வசனங்கள். ஏழு பேர் ஒரே வசனத்தை அனுப்பியிருந்தார்கள், ஏசாயா 43: நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை. அழகான படம் வேறு, பின்னால் சூரிய உதயம். அனுப்பியவர்கள் நல்லவர்கள்தான், சென்னையிலும் துபாயிலும் இருந்துகொண்டு எங்களைத் தேடித் தேடிப் போன் பண்ணியவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு புரண்டு போய் நாலு நாள் ஆன கடைக்குள் சேற்றில் நின்றுகொண்டு அந்த வரியை என்னால் வாசிக்க முடியவில்லை. கடக்கும்போது கூட இருப்பேன் என்றுதானே சொல்கிறார், கடக்கவே வேண்டாம் என்றா சொன்னார் என்று பிற்பாடு சமாதானம் செய்துகொண்டேன். இன்றைக்கும் அந்த வசனத்தின் பின்பாதி எனக்கு முழுசாகச் செரிக்கவில்லை, அதை ஒளிக்க வேண்டியதும் இல்லை.

சரி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. கோவிலுக்குள் சுவரில் ஈரம் காயவில்லை, பாயெல்லாம் போய்விட்டதால் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். சாட்சி நேரம் வந்தது, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்கிற நேரம். ஒருவர் எழுந்து சொன்னார்: நாங்கள் குடும்பமாக முழங்கால் போட்டோம், தண்ணீர் எங்கள் வாசல்படியோடு நின்றுவிட்டது, அல்லேலூயா. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து ஒரு அம்மா, எங்கள் தெரு முழுக்க முங்கியும் எங்கள் வீட்டை மட்டும் தேவன் காத்தார் என்றார்கள். அதற்கும் கை தட்டல். அவர்கள் தெருவில் குடியிருக்கும் மற்றவர்களும் அதே தார்ப்பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவிக்குப் பக்கத்தில் பெரியம்மா. வீடு இடிந்து, ஆடுகள் போய், எங்கள் வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) படுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் மாடியில் ஏறியது முதல் விடியும்வரை ஜெபம்தான் பண்ணிக்கொண்டிருந்தார்கள், நானே சாட்சி. கை தட்டல் ஓயும்வரை அவர்கள் தலை நிமிரவில்லை. நன்றி சொல்வது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. பிழைத்தவன் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் "நான் ஜெபித்தேன், அதனால் தப்பினேன்" என்று மைக்கில் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவளிடம் "நீ சரியாக ஜெபிக்கவில்லை" என்று சொல்லாமல் சொல்கிறோம் என்பது நமக்கு உறைக்கவில்லை. வாசல்படியோடு தண்ணீர் நின்றதற்குக் காரணம் அந்த வீடு மேட்டில் இருந்தது. அவருடைய தாத்தா புத்திசாலி, மேடு பார்த்துக் கட்டியிருக்கிறார். அதற்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, அம்மா சொல்லும் அந்த வசனம் எங்கே வருகிறது என்று முதல் தடவையாக முன்னும் பின்னும் வாசித்துப் பார்த்தேன். அதுவரை கேலண்டரிலும் வாக்குத்தத்த அட்டையிலும் தனியாகத்தான் பார்த்திருக்கிறேன். புலம்பல் என்பது ஒப்பாரி, வேறொன்றும் இல்லை. கி.மு. 586இல் பாபிலோன்காரன் எருசலேமைத் தரைமட்டம் ஆக்கியபிறகு பாடிய ஒப்பாரி. ஐந்தே அதிகாரம், நாலு அதிகாரத்தில் 22 வசனம், நடுவில் இருக்கிற மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் 66. எபிரேய மொழியில் 22 எழுத்து, முதல் நாலு அதிகாரமும் அந்த எழுத்து வரிசையில்தான் போகிறதாம், நம் ஊரில் ஒப்பாரிக்காரம்மாள் ஒரு கணக்கோடு அடுக்கி அடுக்கி அழுவார்களே அந்த மாதிரி. அதே மூன்றாம் அதிகாரத்தில், "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்பதற்குப் பதினைந்து வசனம் முன்னால், அதே வாய் சொல்கிறது: "நான் கூப்பிட்டுக் கதறினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்." பதுங்கியிருக்கிற கரடி மாதிரி எனக்கு இருந்தார் என்கிறது. இதை யாரும் அட்டையில் அச்சடிக்க மாட்டார்கள்! சரி, மூன்றாம் அதிகாரத்தில் நம்பிக்கை வந்தாயிற்று, இனிச் சுபமாக முடியும் என்று நினைத்து வாசித்தால் அதுவும் இல்லை. நாலாம் அதிகாரத்தில் மறுபடியும் பசி, சாவு. கடைசி வசனமே "எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ" என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது.

பைபிளின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல், தெரிந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள் என்று இருட்டில் முடியும். பக்கத்திலேயே 89, "உமது உண்மையைத் தலைமுறை தலைமுறையாக என் வாயினால் அறிவிப்பேன்" என்று பாட்டோடு ஆரம்பிக்கும். அந்த 89ஐயும் முடிகிறவரை வாசியுங்கள், 49ஆம் வசனத்தில் "உமது பூர்வகிருபைகள் எங்கே?" என்று ஆண்டவரையே மடக்கிக் கேட்கிறது. என்ன வார்த்தை கொடுத்தீர், இப்போது எங்கே அது? கடன் கொடுத்தவன் கேட்கிற கேள்வி. எங்கள் கடை மொழியில் சொன்னால், பற்று எழுதின நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பது. நாணயமில்லாதவன் வாசலில் யாரும் நோட்டோடு நிற்க மாட்டான், வராத கடன் என்று அடித்துவிட்டுப் போய்விடுவான். கேட்கிறோம் என்றாலே அந்த ஆள் வார்த்தை தவற மாட்டான் என்கிற எண்ணம் மனசில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் "உண்மை" என்று போட்டிருக்கிறார்களே, நான் வெகுநாள் அதற்குப் பொய்க்கு எதிர்ப்பதம் என்றே அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையான வேலைக்காரன், உண்மையான கூட்டாளி என்று சொல்வோமே, அந்த உண்மை. சொன்ன சொல்லில் நிற்கிற உண்மை. அம்மாவுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கிறது, அதனால்தான் போய் வைது வா என்றார்கள்.

அந்த முதல் வாசகருக்கும் ஒரு வார்த்தை. கும்பிட்டவனுக்கு எதுவும் வராது என்று எங்கள் ஆட்கள் சொல்லியிருக்கலாம், எங்கள் வேதம் அதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. மழை நீதிமான்மேலும் அநீதிமான்மேலும் பெய்யும் என்று இயேசுவே சொன்னதாக மத்தேயுவில் இருக்கிறது. உங்கள் கேள்வி நியாயமானது. என்னிடம் அதற்குக் கையில் பதில் இல்லை. எனக்கு நடந்ததை வேண்டுமானால் சொல்கிறேன், அதைப் பதிலாக எடுக்க வேண்டாம்.

ஜனவரியில் விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவர் போன் பண்ணினார். அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி இருந்தது, கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன். "பழைய கணக்கு அப்படியே கிடக்கட்டும் அண்ணாச்சி, லாரி ஏரல் வரை வருமா, பாலம் சரியாயிட்டா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அவர் முருகன் கோவிலுக்கு மாலை போடுகிறவர், எங்கள் வசனம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. அதே மாதிரி அந்த ஞாயிறு ராத்திரி திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது உங்கள் வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய் ரயில் நகர முடியாமல், சுமார் 800 பயணிகள். கொஞ்சம் பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள், மீதிப் பேர் செவ்வாய்க்கிழமை வரை அங்கேயே. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்துகொண்டு, இருந்த அரிசியைப் போட்டு அம்மன் கோவிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். அந்த ரயிலில் எத்தனையோ பேர் ஜெபம் பண்ணியிருப்பார்கள், எத்தனையோ பேர் முருகா என்று கூப்பிட்டிருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே சோறு. இதில் எங்கள் ஆண்டவர் எங்கே என்று கேட்டால், அந்தச் சோற்றுப் பானைப் பக்கம்தான் நான் கை காட்டுவேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் இதற்கு என்ன சொல்வாரோ தெரியாது.

ஆனால் விருதுநகர்க்காரர் மாதிரி ஒருவர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பக்கத்துக் கடைக்காரர் திரும்பத் திறக்கவே இல்லை. ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் போனவர்கள், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போனவர்கள் பலர் வட்டிக்கு வாங்கித்தான் எழுந்தார்கள். என் கதையை மட்டும் சாட்சியாகச் சொன்னால் நானும் அந்த வாசல்படிக்காரர் மாதிரி ஆகிவிடுவேன்.

இன்னொன்று, இது ஆண்டவர் விஷயம் அல்ல, நம்முடைய விஷயம். எத்தனை குளத்தின் கரை அன்று உடைந்தது, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரமே மிதந்தது. கரையைப் பலப்படுத்தாதது, வாய்க்காலில் அமலைச் செடி மண்டியது, ஓடையை மறித்துக் கட்டினது, இதையெல்லாம் "தேவ சித்தம்" கணக்கில் எழுதக்கூடாது. எதிரி வருகிறான் என்றதும், எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டின நெகேமியா ஜெபமும் பண்ணினார், ராவும் பகலும் காவலும் வைத்தார். எங்கள் சபையில் போன வருஷம் மழைக்கு முன்னால் உபவாச ஜெபம் வைத்தார்கள், நல்லது, அதே வாரம் வாலிபர் சங்கத்துப் பையன்கள் பத்துப் பேர் ஓடையில் இறங்கிச் செடி வெட்டினார்கள். எனக்கு இரண்டும் ஒரே ஆராதனை மாதிரிதான் பட்டது.

அம்மா போன வருஷம் ஆடி மாசம் இறந்தார்கள். கடைசி ஒரு வாரம் பேச்சு இல்லை, காலையில் உதடு மட்டும் அசையும். என்ன சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கடைக்கு மறுபடியும் வெள்ளை அடித்தபோது கிட்டங்கியில் ஒரு சுவரை மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கருப்பட்டிக் கறைக் கோடு இன்றும் இருக்கிறது. சரக்கு இறக்க வருகிற பையன்கள் இது என்ன அண்ணாச்சி என்று கேட்பார்கள்.

பெரியம்மாவுக்கு வீடு கட்டியாயிற்று, இரண்டு ஆடு வாங்கியிருக்கிறார்கள். கோவிலுக்கு வருகிறார்கள், ஆனால் ஸ்தோத்திரப் பாட்டு பாடும்போது மட்டும் வாய் திறப்பதில்லை, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். ஏன் பாடவில்லை என்று என் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று எனக்கும் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது கடிதம் எழுதிய அந்த வாசகர் ஏரல் பக்கம் வந்தால் ஒரு ஞாயிறு எங்களோடு வந்து அந்த வரிசையில் உட்காரலாம், பெரியம்மாவுக்கு இந்தப் பக்கம் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏரல் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்